எங்கே நோகிறது என்று கேட்கும் வேலை

1

அம்பத்தூர் எஸ்டேட் பேருந்தில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறுகையில் போனை வைத்து இதைப் படிக்கிறவர் யாராவது இருந்தால், அவருக்கு என் முதல் வணக்கம். அதே பேருந்தில், அதே கம்பியில் தொங்கியவள்தான் நானும். இப்போது டொராண்டோவின் கிழக்குப் பக்கத்தில் இருக்கிறேன். இங்கே பேருந்தில் உட்கார இடம் கிடைக்கிறது. இரண்டு ஊருக்கும் அது ஒன்றுதான் வித்தியாசம் என்று வந்த புதிதில் நினைத்திருந்தேன்.

போன வாரம் அலுவலகத்தில் எனக்காக ஒரு கேக் வெட்டினார்கள். நான் வேலைக்குச் சேர்ந்து ஓராண்டு ஆகிறதாம். கேக்கின் மேல் நீல நிறத்தில் என் பெயரை எழுதியிருந்தார்கள். கலைவாணி என்பதைக் கலை என்று சுருக்கி, அதை இந்த ஊர் நாக்குக்கு ஏற்றபடி வளைத்து, கடைசியில் அது 'கேலி' ஆகியிருந்தது. அதற்குத் தமிழில் என்ன பொருள் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு துண்டு சாப்பிட்டேன்.

என் பதவியின் பெயர் ஜூனியர் டிசைனர். முப்பத்தைந்து வயதில் ஜூனியர். எனக்கு மேலே இருக்கும் மேகனுக்கு என்னைவிட எட்டு வயது குறைவு. முதல் வாரம் அவளை 'மேடம்' என்று கூப்பிட்டுவிட்டு, அவள் முகம் போன போக்கைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன்.

வேலை கிடைத்த செய்தியை, பூந்தமல்லி பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர் நூம்பலுக்குப் போன் போட்டுச் சொன்னபோது அப்பா கேட்ட முதல் கேள்வி, "இன்னா வேலைம்மா?"

"ஆபரேஷன் முடிஞ்சி ஊட்டுக்குப் போறவங்க போன்ல பாக்கறதுக்கு ஒரு ஆப் இருக்குப்பா. அது எப்பிடி இருக்கணும், எங்க பட்டன் வரணும், இன்னா எழுதணும், அதெல்லாம் நான் வரையணும்."

"வரையறியா? பெயின்டரா?"

"இல்லப்பா."

"சரி, ஆஸ்பத்திரி வேலதானே. நல்லது."

அந்த வார முடிவுக்குள் தெருவில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது: ஏகாம்பரத்தின் பெண் கனடாவில் டாக்டர்களுக்குப் படம் வரைகிறாள். நான் திருத்தவில்லை. யோசித்துப் பார்த்தால் அது அவ்வளவு தவறும் இல்லை.

2

கனடாவுக்கு நாங்கள் வந்தது என் கணவர் சுரேஷின் வேலைக்காக. மகள் நிலா அப்போது மழலைப் பள்ளிக்குப் போகும் வயது. வந்த பிறகு என் பட்டத்தை ஓர் அலுவலகத்துக்கு அனுப்பினேன். அது இந்த நாட்டுக் கணக்கில் என்ன பெறும் என்று அவர்கள் பார்த்துச் சொல்ல வேண்டும். பல்கலைக்கழகம் உறையை ஒட்டி, ஒட்டிய இடத்தில் முத்திரை குத்தி அனுப்ப வேண்டும் என்றார்கள். உறை வந்தது, முத்திரை ஒட்டிய இடத்தில் இல்லாமல் பக்கத்தில் இருந்தது. திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பம். அப்பா இரண்டு தரம் பல்கலைக்கழகத்துக்கு அலைந்தார். "அந்தம்மா குத்தும்போது நான் நின்னு பாத்தேன். இந்த வாட்டி கரெக்டா உய்ந்துது" என்று இரண்டாம் முறை வெற்றிச் செய்தி சொன்னார்.

அதன் பிறகு வேறு ஒரு கதை. தொடக்க நிலை வேலை என்று போட்டிருப்பார்கள், கீழே அனுபவம் கேட்டிருப்பார்கள். அனுபவம் உண்டு என்றால், இந்த நாட்டு அனுபவமா என்பார்கள். ஒரு காப்பிக் கடையில் நின்றுகொண்டே மாலைக் கல்லூரியில் டிசைன் படித்தேன். கூடப் படித்தவர்கள் எல்லாம் நிறத்தையும் எழுத்துருவையும் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். எனக்கு அவை வரவில்லை. எனக்கு வந்தது ஒன்றே ஒன்று: மருந்துச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு திகைத்து நிற்கும் மனிதரின் முகம். அதை வேலப்பன்சாவடியில் நிறைய பார்த்திருந்தேன்.

கல்யாணத்துக்கு முன்னால் அங்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் பதிவுக் கவுன்டரில் வேலை பார்த்தேன். காலையில் கூடம் நிறைந்துவிடும். திருவேற்காட்டிலிருந்து, நசரத்பேட்டையிலிருந்து, பூந்தமல்லிக்கு அந்தப் பக்கத்திலிருந்தெல்லாம் வருவார்கள். மைக்கில் 'முருகன்' என்று கூப்பிட்டால் நாலு பேர் எழுந்து வருவார்கள். 'லட்சுமி' என்றால் ஒரு பெஞ்சே காலியாகும். வந்தவர்கள் திரும்பிப் போக, வர வேண்டியவர் காது கேட்காமல் உட்கார்ந்திருக்க, கவுன்டரில் தினமும் ஒரு சண்டை. அப்புறம் நான் ஊர்ப் பெயரையும் சேர்த்துக் கூப்பிட ஆரம்பித்தேன். "நூம்பல் முருகன் வாங்க. சென்னீர்குப்பம் முருகன், நீங்க குந்துங்க, கூப்புடறேன்." கூடத்தில் சிரிப்பு எழும். ஆனால் சரியான முருகன் வருவார்.

நேர்காணலில் மேகன், "யாராவது ஒன்றைப் பயன்படுத்தத் தெரியாமல் தவித்ததைப் பார்த்திருக்கிறீர்களா? அப்போது என்ன செய்தீர்கள்?" என்று கேட்டபோது நான் நாலு முருகன்களின் கதையைச் சொன்னேன். என் ஆங்கிலம் இரண்டு இடத்தில் தடுக்கியது. அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். மறுநாள் வேலை உறுதி என்று கூப்பிட்டாள். போனை வைத்த பிறகு சமையலறையில் நின்று அழுதேன். நிலா வந்து பார்த்துவிட்டு, வெங்காயம் எதுவும் தெரியவில்லையே என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

3

நம் ஊர் ஆங்கிலம் ஒரு தனி மொழி என்பது கடல் தாண்டினால்தான் தெரியும்.

சேர்ந்த முதல் மாதத்தில் ஒரு கூட்டம். எங்கள் ஆப் மூட்டு அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர்களுக்கானது. தினமும் காலையில் அது சில கேள்விகள் கேட்கும். பதில்களை ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் பார்ப்பார். 'காலை வணக்கம், இன்று எப்படி இருக்கிறீர்கள்?' என்று ஒரு சூரியன் படத்தோடு அது தொடங்கும். அந்தச் சூரியனைப் பற்றிப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு ஒரு சந்தேகம். கை தூக்கி, "பேஷண்ட் எக்ஸ்பயர் ஆயிட்டா என்ன ஆகும்?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

கணக்கின் காலக்கெடு முடிவதைப் பற்றிக் கேட்கிறேன் என்று நினைத்து ஒருவர் விளக்க ஆரம்பித்தார். புதுப்பித்துக்கொள்ளலாம், மின்னஞ்சல் போகும் என்றார். "இல்லை, எக்ஸ்பயர் ஆனவருக்கு எப்படி மின்னஞ்சல் அனுப்புவது?" என்று நான் கேட்டேன். அவர் இன்னும் பொறுமையாக விளக்கினார். இருவரும் கொஞ்ச நேரம் இப்படியே ஓடினோம். கடைசியில் மேகன்தான், "கேலி, நீ இறந்துபோவதைச் சொல்கிறாயா?" என்றாள்.

ஆமாம் என்றேன். சிலர் சிரித்தார்கள், கெட்ட சிரிப்பில்லை. பிறகு சிரிப்பு நின்றது. ஏனென்றால் அதற்கு ஆப்பில் எந்த ஏற்பாடும் இல்லை. போனவருடைய போன் அவர் மனைவியின் மேசைமேல் கிடக்கும், காலையில் அது சூரியனைக் காட்டி, இன்று எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கும், மறுநாளும் கேட்கும். வேலப்பன்சாவடியில் இருந்தபோது, இறந்துபோனவரின் வீட்டுக்கு மறுபரிசோதனைக்கு வரச்சொல்லிப் போன் போட்டுத் திட்டு வாங்கியிருக்கிறேன். அந்த அம்மாள் திட்டியதுகூடப் பெரிதில்லை; கடைசியில் என்னிடமே அழுதார்.

அன்றைய கூட்டத்தின் மீதிப் பொழுது அதிலேயே போனது. குடும்பத்தார் ஒரு தடவை சொன்னால் போதும், அத்தோடு எல்லாச் செய்தியும் நிற்க வேண்டும் என்று முடிவானது. அந்தத் திரையை வரையும் வேலையை எனக்கே கொடுத்தார்கள். என் முதல் முழு வேலை அதுதான். அதில் சூரியன் இல்லை. மூன்று வரி, ஒரு பட்டன்.

4

இந்தப் பக்கத்தில் தமிழர்கள் நிறைய. பெரும்பாலும் யாழ்ப்பாணத்தார். தமிழிலும் ஆப் வேண்டும் என்று ஆஸ்பத்திரி கேட்டது. மேகன் என் மேசைக்கு வந்து, "இது உன் மொழிதானே?" என்றாள். அந்த ஒரு வாரம் நான் நடந்த நடையே வேறு.

மொழிபெயர்ப்பு நிறுவனம் அனுப்பிய தமிழ், கல்வெட்டு மாதிரி இருந்தது. 'தங்களது வலியின் தீவிரத்தைத் தெரிவு செய்க.' நான் அதையெல்லாம் அடித்துவிட்டு, 'வலி இருக்கிறதா? எவ்வளவு?' என்று எழுதினேன். மனநிலை பற்றிய கேள்விக்கு, 'வருத்தமாக இருக்கிறீர்களா?' என்று போட்டேன். எல்லோருக்கும் புரியும் என்று எனக்குள் ஒரே திருப்தி.

சோதனைக்கு ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன அறை தந்தார்கள். வந்தவர் மகேஸ்வரி அம்மா. முழங்கால் மூட்டு மாற்றி மூன்றாவது வாரம். வாக்கரைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு அடிக்கும் உதட்டைக் கடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். மேகன் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். நான் திரையை நீட்டி முதல் கேள்வியை வாசித்தேன்.

"வலியோ? எனக்கு வலி ஒருநாளும் வந்ததில்லைப் பிள்ளை. எங்கட குடும்பத்திலயே ஒருத்தருக்கும் இல்லை" என்றார். சொல்லிவிட்டுத் திரையில் 'இல்லை'யை அழுத்தினார். இன்னொரு கை முழங்காலைப் பிடித்தபடியே இருந்தது.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அடுத்த கேள்விக்குப் போனேன். வருத்தமாக இருக்கிறீர்களா?

"என்ன பிள்ளை கேக்கிறீர்? வருத்தம் எண்டபடியாத்தானே ஆஸ்பத்திரிக்கு வந்தனான்."

மேகன் என்னைப் பார்த்தாள். என் மொழியில் நான் எழுதியது, என் எதிரில் உட்கார்ந்து தமிழ் பேசுகிறவருக்குப் போய்ச் சேரவில்லை. அவர் நெற்றி சுருங்குவதைப் பார்த்ததும், எழுதி வைத்திருந்ததை மறந்து, கவுன்டரில் உட்கார்ந்து கேட்ட மாதிரியே கேட்டேன்:

"முட்டி நோவுதாம்மா?"

"ஓம். சரியா நோகுது பிள்ளை. இரவில படுக்க ஏலாத நோ" என்றார். "அதை முதலே கேட்டிருக்கலாமே."

அவர் பேச்சில் வலி என்றால் வலிப்பு. வருத்தம் என்றால் நோய். எனக்கு உறைக்காமல் போயிற்று. அதைவிட ஆச்சரியம் வேறு. நோவுது என்பது எங்கள் தெருப் பேச்சு. கல்லூரியில் நான் 'தல நோவுது' என்று சொன்னபோது கூடப் படித்தவர்கள் அதை நாள் முழுக்கத் திருப்பிச் சொல்லிக் காட்டினார்கள். 'கீது', 'ஊடு', 'குந்து' எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்து வெளியே வைத்தேன். கவுன்டரில் மட்டும் அவை திரும்பி வரும். இப்போது யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர், அந்தச் சொல்லின் உடன்பிறந்ததைத் தன் வாயில் வைத்துக்கொண்டு, டொராண்டோவில் என் எதிரே உட்கார்ந்திருந்தார்.

'நோ / வலி' என்று இரண்டையும் போட வேண்டும் என்று எழுதி அனுப்பினேன். மொழிபெயர்ப்பு நிறுவனம் மறுத்தது. அவர்கள் சான்று இல்லாமல் ஆஸ்பத்திரி ஏற்காது. நான் ஜூனியர், என் தகுதிகாண் காலம் முடிய இன்னும் ஒரு மாதம் இருந்தது. மேகனுக்குத் தமிழ் தெரியாது. "நீயே பேசிப் பார்" என்று அந்த நிறுவனத்தில் தமிழைச் சரிபார்ப்பவரின் எண்ணைத் தந்தாள்.

வயதான குரல். தஞ்சாவூர்ப் பக்கம் என்று பேச்சிலேயே தெரிந்தது. "நோவுங்கிறது தப்பில்லைம்மா, பழைய சொல்தான். ஆனா படிச்சவங்க எழுதற மாதிரி இருக்கணுமில்லையா?" என்றார்.

"படிக்கறவங்களுக்குப் புரியணும் சார். அவங்க வலி இல்லைன்னு அழுத்திட்டாங்க. நர்ஸ் அதைப் பார்த்தா மாத்திரையை நிறுத்திடுவாங்க."

"நீங்க எந்த ஊரும்மா?"

"பூந்தமல்லி பக்கத்துல நூம்பல் சார்."

"அப்படியா. எங்க அம்மா கடைசிக் காலத்துல, நோவெடுக்குதுடான்னுதான் சொல்லிட்டிருந்தாங்க" என்றார். "ரெண்டையும் போடுங்க. நான் கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."

வருத்தத்தை எடுத்துவிட்டு, 'மனசு எப்படி இருக்கிறது?' என்று மாற்றினோம். மகேஸ்வரி அம்மா அடுத்த தடவை வந்தபோது அதற்குச் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார். அந்தப் பதில் இங்கே வேண்டாம், மருமகளைப் பற்றியது.

5

இந்த இடத்தில் நான் கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு சனிக்கிழமை காலையிலும் நான் நூம்பலுக்குப் போன் போடுவேன். அங்கே அப்போது சாயங்காலம். எப்பிடிப்பா கீற என்றால், நல்லா கீறேன் என்பார். அம்மாவும் அதையே சொல்வார். நானும் அதையே சொல்வேன். இப்படி ஆறு வருஷம்.

கேள்விகளை வீட்டில் இருப்பவர்களிடமும் கேட்டுப் பார்க்கலாம் என்று தோன்றியது. அப்பாவுக்கும் முட்டியில் கொஞ்சம் தொந்தரவு உண்டு. எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் லேத் மெஷின் முன்னால் நின்றே வேலைக் காலத்தைக் கழித்தவர். தைலம் தேய்த்தால் போய்விடும் என்று அவரே சொல்லியிருந்தார். அவர் போனில் ஆப்பைத் திறந்து வைத்து, அம்மா தன் போனின் கேமராவை அவர் கைமேல் காட்டுவதாக ஏற்பாடு. முதலில் மின்விசிறி தெரிந்தது. பிறகு காலண்டர். அப்புறம் அப்பாவின் விரல்.

"அப்பா, இது உனக்குப் பரீட்சை இல்ல. ஆப்புக்குத்தான் பரீட்சை. நான் எதுவும் சொல்லித் தரமாட்டேன். மனசுல தோணறத அப்பிடியே வெளிய சொல்லிகினே பண்ணு."

"மனசுல தோணறத வெளிய சொல்லணுமா? உங்கம்மா பக்கத்துல கீறா."

முதல் திரையில் ஐந்து முகங்கள். சிரிக்கும் முகம் தொடங்கி அழும் முகம் வரை. "இன்னா இது, ஆம்பள போயி அழுவுற மூஞ்சிய அமுத்துவானா?" என்று சிரிக்கும் முகத்தைத் தொட்டார்.

"பொய்யி" என்று அம்மாவின் குரல் கேட்டது.

"நீ கம்முனு கேமராவப் புடி."

அடுத்த கேள்வியை நான் அந்த வாரம்தான் புதிதாகச் சேர்த்திருந்தேன். நீங்கள் வழக்கமாகச் செய்யும் எந்த வேலையை நேற்று செய்ய முடியவில்லை? அப்பா அதை ஒரு தரம் வாய்விட்டுப் படித்தார். விரல் அப்படியே நின்றது.

"சொல்லு" என்றார் அம்மா. "சாவடிக்கு டீக்குப் போறத உட்டு எத்தினி மாசம் ஆச்சின்னு சொல்லு. பாத்ரூமுக்கு செவுத்தப் புடிச்சிகினு போறத சொல்லு. மாடில துணி காயப் போட நான்தான் ஏர்றேன்னு சொல்லு."

"இது டெஸ்டுதானேடி" என்றார் அப்பா. "டெஸ்டுக்கு இன்னாத்துக்கு நெசத்த சொல்லணும்?"

சோதனை நடத்துகிறவர் குறுக்கே பேசக் கூடாது, முகத்தில் எதையும் காட்டக் கூடாது என்று கல்லூரியில் சொல்லித் தந்திருந்தார்கள். என்னால் முடியவில்லை. "ஏம்ப்பா எங்கிட்ட சொல்லல?" என்றேன்.

"நீ அங்க இருந்து இன்னா பண்ணுவ? பாவம், நீயே இப்பதான் வேலைக்கிப் போற." சொல்லிவிட்டு அவர் கையைத் திரையிலிருந்து எடுத்துக்கொண்டார். அம்மாவின் கேமரா கொஞ்ச நேரம் அவர் முட்டியையே காட்டிக்கொண்டிருந்தது. வேட்டிக்கு மேலேயே வீக்கம் தெரிந்தது.

திங்கட்கிழமை நான் மேகனிடம் சோதனை முடிவைச் சொன்னேன். முகங்களை எடுத்துவிட வேண்டும், எது முடியவில்லை என்ற கேள்விதான் முதலில் வர வேண்டும் என்றேன். ஏன் என்றாள். நடந்ததைச் சொன்னேன். அவள் திரையைப் பார்க்கவில்லை. "நீ எப்போது கிளம்புகிறாய்?" என்று கேட்டாள். விடுப்பு அவ்வளவு சேரவில்லை என்றேன். அங்கிருந்தே பாதி நேரம் வேலை செய், மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள்.

6

அப்பாவின் முட்டிக்கு அறுவை சிகிச்சை வேலப்பன்சாவடியில், என் பழைய ஆஸ்பத்திரியிலேயே நடந்தது. நிலாவுக்குக் கோடை விடுமுறை, அவளும் வந்திருந்தாள். கூடத்தில் இப்போது பெரிய திரை வைத்திருக்கிறார்கள். சிவப்பு எழுத்தில் எண் வருகிறது. நாலு முருகன்களும் தாமாகவே ஒழுங்காக எழுந்து போகிறார்கள். கவுன்டரில் இருந்த பெண்ணுக்கு என்னைத் தெரியவில்லை. நான் முதல் தடவையாகப் பெஞ்சின் பக்கம் உட்கார்ந்து காத்திருந்தேன். கவுன்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தபோது, இங்கே நேரம் இவ்வளவு மெதுவாகப் போகும் என்று எனக்குத் தெரியாது.

மறுநாள் உடற்பயிற்சி சொல்லித்தர ஒரு இளம்பெண் வந்தாள். "பெயின் இருக்கா அங்கிள்?" என்றாள்.

"லேசா கீதும்மா" என்றார் அப்பா. பிறகு என்னை ஒரு தரம் பார்த்தார். "லேசா இல்ல. நல்லாவே நோவுது."

அந்தப் பெண் குறித்துக்கொண்டு, மருந்தை மாற்றச் சொல்லிப் போனாள். அன்று அப்பா இரண்டாம் ஆட்டம் சினிமா முடிந்து வந்தவர் மாதிரி தூங்கினார்.

வீட்டுக்கு வந்த பிறகு முட்டியை மடக்கி நீட்டும் பயிற்சிக்கு நிலா பொறுப்பேற்றாள். டொராண்டோவில் நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு அவளைக் கிளப்புவதற்குள் எனக்கு மூச்சு முட்டும். தாத்தாவுக்கோ எண்களைத் தாண்டி ஆங்கிலம் எட்டாது. அவள் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு ஆங்கிலத்தில் எண்ணுவாள். அவர் பாதியில் நிறுத்தி, "ஏமாத்தற, அந்த நம்பர ரெண்டு வாட்டி சொன்ன" என்பார். அவள் புரியாமல் விழிப்பாள். அவர் விரலை மடக்கிக் காட்டுவார். பிறகு இருவரும் தமிழில் எண்ணத் தொடங்குவார்கள். பயிற்சி முடிந்ததும் கொரட்டூரிலிருந்து மாமா வாங்கி வந்த பாதாம் பாலை இருவரும் பங்கு போட்டுக் குடிப்பார்கள். நான் அடுத்த அறையில் மடிக்கணினியோடு உட்கார்ந்து, டொராண்டோ விழித்துக்கொள்வதற்காகக் காத்திருப்பேன். அவர்கள் குரல் சுவர் தாண்டி வந்துகொண்டே இருக்கும்.

திரும்பி வந்த பிறகு தமிழ் வகுப்பு ஆசிரியை என்னைக் கூப்பிட்டுப் பேசினார். மிகவும் மரியாதையானவர், கொழும்புக்காரர். "பிள்ளை இப்ப நல்லாக் கதைக்கிறாள். ஆனா நேற்று நான் புத்தகம் எங்க எண்டு கேட்டதுக்கு, 'ஊட்ல கீது டீச்சர்' எண்டு சொன்னவள். இது எங்க பழகினவள்?"

"அவங்க தாத்தாகிட்ட" என்றேன். என் குரலில் பெருமை தெரிந்திருக்க வேண்டும். அவர் சிரித்துவிட்டு, எழுதும்போது மட்டும் வேறு மாதிரி எழுதச் சொல்லுங்கள் என்றார்.

7

இந்தச் சனிக்கிழமை வழக்கம்போலக் கூப்பிட்டேன். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. சுரேஷ் நிலாவைக் கூட்டிக்கொண்டு நீச்சல் வகுப்புக்குப் போயிருந்தார். அப்பா மாடியில் இருந்தார். பின்னால் கொடியில் துணி ஆடியது. எவ்வளவு நேரம் நடந்தார், எங்கே பிடித்து ஏறினார், ராத்திரி தூக்கம் எப்படி என்று வரிசையாகக் கேட்டேன். அவரும் இப்போதெல்லாம் ஒழுங்காகப் பதில் சொல்கிறார். நெடுஞ்சாலையின் லாரிச் சத்தம் இங்கே வரைக்கும் கேட்டது. நான் கேட்டு முடித்ததும் அவர் போனைக் கொஞ்சம் கிட்டத்தில் கொண்டுவந்தார். மூக்கும் ஒரு கண்ணும்தான் தெரிந்தன.

"உன்னாண்ட ஒண்ணு கேக்கவா?"

"கேளுப்பா."

"அங்க பகல்ல உங்கூட உக்காந்து பேச யார்னா கீறாங்களா?"

இருக்கிறார்கள் என்று சொல்ல வாய் திறந்தேன். மேகன் பெயர்கூட நாக்கு நுனிக்கு வந்தது. ஆனால் அவள் வாரத்தில் இரண்டு நாள் அலுவலகத்தில் பார்க்கும் மேகன். பக்கத்து வீட்டுக்காரரின் பெயர் எனக்கு இன்னும் தெரியாது.

"இல்லப்பா" என்றேன்.

நான் மேலே பேசினேன். வீட்டிலிருந்து வேலை பார்க்கும் நாட்களில் நிலா பள்ளிக்கும் சுரேஷ் வேலைக்கும் போன பிறகு வீடு எப்படி இருக்கும் என்று சொன்னேன். சில நாள் சத்தத்துக்காகவே குக்கரில் பருப்பு வைப்பேன், விசில் வந்தால் யாரோ வந்த மாதிரி இருக்கும் என்றேன். கூட்டத்தில் பேசுவதற்கு முன்னால் குளியலறைக் கண்ணாடி முன் நின்று ஒரு தரம் பேசிப் பார்ப்பதையும் சொன்னேன். சுரேஷிடம்கூட அதைச் சொன்னதில்லை.

கீழேயிருந்து அம்மா கூப்பிட்டார். தோசை ஊற்றியாகிவிட்டது, ஆறுகிறது என்றார்.

"ஆறட்டும்" என்று கீழே பார்த்துச் சொன்னார் அப்பா. கைப்பிடிச் சுவரோரம் கிடந்த நாற்காலியை இழுத்துப் போட்டு, காலை மெல்ல மடக்கி உட்கார்ந்தார். "நீ சொல்லு."

நான் சொன்னேன்.